பதுளைக் கடையில் ஆட்டிறைச்சி: கூட்டம் சொல்வதும் தட்டு சொல்வதும்

மாதத்தின் பத்தாம் தேதியை ஒட்டிய நாட்களில் பதுளை பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள சாப்பாட்டுக்கடைகளில் மட்டன் சீக்கிரமே தீர்ந்துவிடும். தோட்டங்களில் சம்பளம் போடும் நாள் அது. பசறை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்திலிருந்து இறங்குகிறவர்கள் அரிசி மூட்டை வாங்கி, அடகு நகைக்கு வட்டி கட்டி, பிள்ளைக்குச் சப்பாத்து எடுத்து, கடைசியில் குடும்பமாக ஒரு மேசையில் வந்து உட்காருகிறார்கள். கோழி எந்த நாளும் கிடைக்கும், அன்றைக்கு மட்டன்தான். மட்டன் என்றால் முஸ்லிம் கடை என்பது நம்மவர்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு இன்றைய தட்டு நியாயம் செய்கிறதா என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை. கடைகளின் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. குறை ஒரு கடையின் குறை அல்ல. கடை என்ற ஏற்பாட்டுக்கே உரியது.

முதலில் காசைப் பேசிவிடுவோம். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி பல வருட இழுபறிக்குப் பிறகு 2021இல் 1,000 ரூபாயானது; 2024இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபாயானது. அதற்கிடையில் 2022 செப்டம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் முந்தைய வருடத்தோடு ஒப்பிட 94.9 வீதத்தைத் தொட்டது. இன்று ஒரு நாள் கூலியில் ஒரு கிலோ ஆட்டிறைச்சி வாங்க முடியாது. கடையில் ஒரு மட்டன் புரியாணி என்பது ஒருவர் மலையேறிக் கொழுந்து பறித்த நாளின் கூலியில் பெரும் பங்கை விழுங்கிவிடும். ஆகவே இந்தத் தட்டை எடைபோடுவது நாக்கு வளர்த்தவர்களின் பொழுதுபோக்கு அல்ல. இவ்வளவு கொடுத்து வாங்குகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கும் உரிமை இருக்கிறது.

எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். திண்டுக்கல்லையோ ஆம்பூரையோ எடுத்தால் அது ஒரே குடும்பத்துக்குள் நடக்கும் சண்டையாகிவிடும். மசாலா கூடியதா குறைந்ததா என்பதற்கு மேல் பேச்சு நகராது. அதனால் வேண்டுமென்றே தொலைவுக்குப் போகிறேன்: சீனாவின் வடமேற்கு எல்லையிலுள்ள சின்ஜியாங். அங்குள்ள உய்குர் முஸ்லிம்களின் ஆட்டிறைச்சிச் சமையல் 1980களில் சீனப் பெருநகரங்களுக்கு வந்து, தெருவோரச் சூட்டிறைச்சியாகத் தொடங்கி, பிறகு கூட்டம் மோதும் உணவகங்களாக வளர்ந்தது. ஒரு சிறுபான்மை முஸ்லிம் சமூகம் பெரும்பான்மையினருக்கு ஆட்டிறைச்சி சமைத்துப் போட்டே பேர் வாங்கியது என்ற வகையில் பதுளைக்கும் அதற்கும் ஒரு உறவு உண்டு. காஷ்கர் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ நம் பண்டாரவளையின் உயரம். மற்றபடி எல்லாமே வேறு. அங்கே பாலைவனம், இங்கே மழை. அங்கே செம்மறி, இங்கே வெள்ளாடு. அந்த வேற்றுமைதான் நமக்கு இங்கே பயன்படும்.

உய்குர் சமையலின் பேர்பெற்ற பண்டம் கவாப். இறைச்சியைப் பெரிய துண்டாக வெட்டி, இரண்டு துண்டுக்கு நடுவே ஆட்டின் வாலிலிருந்து எடுத்த கொழுப்பை ஒரு துண்டு செருகி, கம்பியிலோ பாலைவனத்துத் தமரிஸ்க் குச்சியிலோ கோத்துக் கரிநெருப்பில் வாட்டுகிறார்கள். உப்பு, இடித்த மிளகாய், நற்சீரகம். அவ்வளவுதான். சீரகம் கடைசியில் விழுகிறது. உருகி வழியும் கொழுப்பில் பட்டு அங்கேயே பொரிகிறது. பொலோ என்ற சோற்றில் இன்னும் குறைவு: அரிசி, இறைச்சி, கொழுப்பு, வெங்காயம், மஞ்சள் கரட். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியைப் பார்த்தால் அந்தச் சமையற்காரர் பயந்துபோவார். இவ்வளவு குறைந்த சாமானோடு அவர் துணிந்து நிற்பது எப்படி? அவர் கையில் இருக்கும் ஆட்டை அவருக்குத் தெரியும். அதன் வயது, மேய்ந்த நிலம், எந்தப் பகுதியில் கொழுப்பு, எந்தப் பகுதி நெருப்புக்கு, எந்தப் பகுதி சட்டிக்கு என்று தெரியும். கடை வாசலில் முழு ஆடு தொங்கும். கேட்டதற்கு வெட்டிக் கொடுப்பார்கள். சமையல் அங்கே கத்தியிலிருந்தே தொடங்குகிறது.

பதுளைக் கடையில் சமையல் சட்டியில்தான் தொடங்குகிறது. ஆடு எங்கோ வெட்டப்பட்டு, துண்டாகி, பையில் வருகிறது. இதற்குக் கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இலங்கையின் ஆடுகளில் பெரும்பாலானவை வறண்ட வலயத்தில் வளர்கின்றன. மலைநாட்டுத் தோட்டங்களைச் சுற்றி மேய்ச்சல் நிலம் அரிது. தேயிலை இல்லாத சரிவு பெரும்பாலும் காடாக இருக்கும், அல்லது தோட்டக் கொம்பனிக்குச் சொந்தமாக இருக்கும். லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் ஆடு வளர்ப்பவர்கள் கிளிரிசிடியாக் குழையும் பலா இலையும் ஒடித்துப் போட்டு, ரோட்டோரத்தில் கயிற்றில் கட்டித்தான் வளர்க்கிறார்கள். அந்த எண்ணிக்கை ஒரு நகரத்துக் கடைக்குப் போதாது. பௌர்ணமிப் போயா நாட்களில் இறைச்சிக்கடை திறக்காது. அன்றைக்குத் தட்டில் விழுவது முன்னரே வாங்கி வைத்தது. இத்தனை நெருக்கடிக்குள்தான் கடை நடக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நெருக்கடி காரணமே தவிர மன்னிப்பு அல்ல. கிடைக்கும் இறைச்சியை என்ன செய்கிறார்கள் என்பதே கேள்வி. வழக்கமான முறை இது: எல்லாப் பகுதித் துண்டுகளையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு விசில் எண்ணி எடுப்பது, குழம்பைத் தனியாகப் பெரிய சட்டியில் வைப்பது, இரண்டையும் பிறகு சேர்ப்பது. தொடைக்கறிக்கும் கழுத்துக்கும் விலாவுக்கும் ஒரே நேரம். தொடை அதற்குள் நாராகிவிடும். கழுத்திலும் காலிலும் உள்ள சவ்வு கூழாகிக் குழம்போடு கலப்பதற்கு மெல்லிய சூட்டில் மணிக்கணக்கு வேண்டும், அது கிடைப்பதில்லை. ஹப்புத்தளை போல 1,400 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதால் திறந்த சட்டியில் இறைச்சி வேக இன்னும் நேரமெடுக்கும்; குக்கர் அந்தச் சிக்கலைத் தீர்ப்பது உண்மை. தீர்த்துவிட்டு வேறொன்றைக் கெடுக்கிறது. வெந்த தண்ணீரில் இருக்கும் சாறு சில நாட்களில் குழம்புக்குப் போகிறது. சில நாட்களில் புரியாணிச் சோற்றுக்குப் போகிறது. இறைச்சிக்கு மட்டும் எதுவும் திரும்பி வருவதில்லை.

இப்போது குழம்பு. இங்கேதான் கடையின் பெருமை இருக்கிறது. ரம்பையும் சேரையும் ஏலமும் கறுவாவும் தாளித்து, வறுத்த தூள் போட்டு, கப்பிப்பாலில் கொதித்து, முதற்பாலில் இறக்கிய அந்தக் குழம்புக்கு மலைநாட்டில் நிகரில்லை. நம் லயத்துச் சமையலில் இந்த வாசனைகள் முன்பு கிடையாது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கமிருந்து வந்தவர்கள் அம்மியில் மிளகும் மல்லியும் பெருஞ்சீரகமும் அரைத்து, தேங்காயை விழுதாகச் சேர்த்துத்தான் கறி வைத்தார்கள். முஸ்லிம் கடையின் தேங்காய்ப்பால் குழம்பு அவர்களுக்குப் பெருநாள் ருசியாகத் தெரிந்ததில் வியப்பில்லை. சுடச்சுடப் பராட்டாவைப் பிய்த்து அந்தக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள். குறை சொல்ல வாய் வராது. ஆனால் கவனியுங்கள்: அந்த ருசிக்கு இறைச்சித் துண்டு தேவைப்படுவதில்லை. பராட்டாவுக்கு இலவசமாக ஊற்றும் குழம்பிலேயே எல்லாம் இருக்கிறது. மட்டனுக்குக் கொடுக்கும் மேலதிகக் காசு எதற்கு என்று அந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

புரியாணியில் இந்தச் சந்தேகம் உறுதியாகிறது. சோறு தனியாக வெந்து, நிறம் ஏறி, தட்டில் குவிந்த பிறகு மேலே இரண்டோ மூன்றோ துண்டு இறைச்சி வைக்கப்படுகிறது. பக்கத்தில் அவித்த முட்டை, அச்சாறு, புதினாச் சம்பல், கொஞ்சம் கஜு. கண்ணுக்கு நிறைவான தட்டுத்தான். ஆனால் சோற்றுக்கும் இறைச்சிக்கும் அறிமுகமே இல்லை. பொலோவில் ஐந்தாறு சாமான்தான். இறைச்சி வதங்கிய கொழுப்பிலேயே கரட் வதங்கி, அந்தச் சாற்றிலேயே அரிசி வேகிறது. சாமான் பட்டியலின் நீளத்தில் பதுளைத் தட்டு வெல்கிறது. சோற்றின் ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டால் தோற்கிறது.

கவாப்பை நம் வெள்ளாட்டில் செய்து காட்டு என்று கேட்பது நியாயமில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். செம்மறிக்குத் தசையின் மேலும் இடையிலும் வாலிலும் கொழுப்பு ஏறும். வெள்ளாட்டுக்குக் கொழுப்பில் பெரும்பகுதி உள்ளுறுப்புகளைச் சுற்றித்தான் சேரும். தசை மெலிந்தது. நேரே நெருப்பில் காட்டினால் தோலாகிவிடும். அதற்கு ஏற்றது மெதுவான சட்டி, எலும்பு, சவ்வு, குடல், கால். நம் நகரங்களில் இப்போது புதிதாக வந்திருக்கும் கிரில் மோகம் இதைப் புரிந்துகொள்ளவில்லை. மட்டன் கபாப் என்று வெள்ளாட்டுத் தொடையைத் தயிரில் ஊறப்போட்டுச் சுட்டுக் கொடுக்கும் தட்டுகள் பார்வைக்குப் படமெடுக்க நன்றாக இருக்கும், பல்லுக்கு வேலை. சின்ஜியாங்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கம்பியையும் சீரகத்தையும் அல்ல.

எடுத்துக்கொள்ள வேண்டியது ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. கடையில் இல்லை என்பதுதான் வேடிக்கை. தோட்டத்துக் கிடாவெட்டைப் பாருங்கள். முனியாண்டிக்கும் மாடசாமிக்கும் மட்டுமல்ல, தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கும் ரோதமுனிக்கும், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துத் தொடங்குமுன் கவ்வாத்துச் சாமிக்கும் பலி கொடுத்த மக்கள் நாம். ஹிந்துக் கோயில்களில் மிருகபலியைத் தடைசெய்யும் யோசனைக்கு 2018இல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பலியின் நியாய அநியாயம் வேறு விவாதம், அதற்குள் நான் போகவில்லை. சாமி கும்பிட்ட பிறகு நடப்பதைத்தான் சொல்கிறேன். வெட்டிய கிடா கூறு போடப்படும். ஒவ்வொரு கூறிலும் தொடையில் கொஞ்சம், விலாவில் கொஞ்சம், ஈரலில் ஒரு துண்டு, எலும்பு, கொழுப்பு. எவர் வீட்டுக்கும் ஆட்டின் எல்லாப் பகுதியும் போய்ச் சேரும். ஈரல் உடனே சட்டியில் வதங்கும், ரத்தம் பொரியலாகும், குடலைச் சுத்தம்பண்ணி அடுத்த நாளுக்கு வைப்பார்கள், எலும்பும் சவ்வும் விறகடுப்பில் கிடந்து வேகும். வீட்டோரத்துக் கொடியில் காய்த்த மிளகு அதற்குப் போதும். யார் எந்தப் பகுதியைச் சாப்பிட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

லயத்துக் கறியைக் கண்மூடிப் புகழவும் மாட்டேன். நேர்ந்துவிட்ட கிடா பெரும்பாலும் காயடிக்காதது. அதன் கொழுப்பில் ஏறும் கிடாவாடையை எத்தனை மிளகு போட்டாலும் முழுதாக மறைக்க முடியாது. வெட்டிய சூட்டிலேயே சட்டியில் ஏற்றும் அவசரத்தில் தசை இறுகிப்போவதும் உண்டு. போதிய நேரம் தொங்கவிட்டால் தீரும் குறை. எண்ணெய் தாராளம். ஆண்கள் சாராயத்தோடு சாப்பிடுவதால் காரம் அளவுக்கு மிஞ்சும். ஆனாலும் தசைக்கு ஒரு சமையல், சவ்வுக்கு ஒரு சமையல், குடலுக்கு ஒரு சமையல் என்று பிரித்தறியும் புத்தி அதில் இருக்கிறது. காஷ்கர்க் கடைக்காரர் கையிலிருக்கும் அதே புத்தி.

முஸ்லிம் வீடுகளிலும் அப்படித்தான். கலியாண வீட்டில் ஆறு பேர் சஹன் என்ற ஒரு பெருந்தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சோற்றை ஒருமுறையாவது ருசித்தவர், அதே சமூகத்துச் சமையற்காரர் கடையில் வைக்கும் புரியாணியை மறுபடி மெச்சமாட்டார். அங்கே எத்தனை சஹன் என்று முதலிலேயே தெரியும். அதற்கேற்ப முழு ஆடாக வாங்குகிறார்கள். ஒரே நேரத்தில் சமைத்து ஒரே நேரத்தில் பரிமாறுகிறார்கள். படைவீரர்களாக வந்து பதுளையிலும் குடியேறிய மலாய் மக்கள் பாபத் என்று குடலை மணக்க மணக்கச் சமைக்கும் கைவண்ணமும் வீட்டோடு நின்றுவிட்டது. ஆக, கைத்திறன் குறையவில்லை. லயத்துக் கூறும் கலியாண சஹனும் முழு ஆட்டை வாங்கிச் சமைக்கின்றன. கடை இறைச்சியைக் கிலோவில் வாங்கித் துண்டுக் கணக்கில் விற்கிறது. காலை பத்து மணிக்கு வைத்த சட்டி இரவு ஒன்பது மணிவரைக்கும் ஓட வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்து பதுளை மட்டனின் எல்லாக் குறையும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கிறது.

ஒரு எச்சரிக்கை. முஸ்லிம் கடையின் சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பது இந்த நாட்டில் எப்போதும் ருசிபற்றிய கேள்வியாக மட்டும் இருந்ததில்லை. 2018 பெப்ரவரியில் ஊவாவின் எல்லைக்கு அப்பால் அம்பாறையில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தியைக் கிளப்பி ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வில் அது மாக்கட்டி என்று தெரிந்தது. அப்படி ஒரு மாத்திரையே உலகில் இல்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். உய்குர் சாப்பாட்டை விரும்பித் தின்ற சீனாவிலும் 2017இலிருந்து சின்ஜியாங்கில் அந்த மக்கள் பெருந்தொகையாக முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். சமையலை மெச்சுவதும் சமைப்பவரை மதிப்பதும் ஒன்றல்ல. எனவே நான் கேட்பது எந்தப் பகுதி, எந்த நாள் இறைச்சி என்ற கேள்வியை மட்டும்தான். இதை எந்தச் சமூகத்துக் கடையிலும் கேட்கலாம். நம்மவர் நடத்தும் கடைகள் பலவற்றில் கேட்டால் பதில் இன்னும் மோசமாக வரும்.

கடைசியாகத் தேத்தண்ணி. ஆட்டுக்கொழுப்புக்கு மேல் துவர்ப்பான தேநீர் குடித்தால் நாக்கில் படிந்த பிசுக்கு அறும். உய்குர் மேசையில் சாப்பாட்டோடு கட்டித் தேயிலையில் வடித்த தேநீர் வரும். அந்தத் தேயிலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, சீனாவின் ஹுனானிலிருந்து போனது. பதுளையைச் சுற்றி ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை வீசும் வறண்ட காற்றில் விளையும் ஊவாத் தேயிலையோ தன் தனி வாசனைக்காக உலகச் சந்தையில் பேர் எடுத்தது. நாட்டின் தேயிலையில் தொண்ணூறு வீதத்துக்கும் மேல் கப்பலேறிவிடுகிறது. அதைப் பறித்தவர் மட்டன் சாப்பிட்டு முடித்ததும் அவர் முன் வருவது டஸ்ட் தூளில் பால்மாவும் சீனியும் கலந்த இனிப்புத் தண்ணீர். கொழுப்பின் மேல் இன்னொரு பூச்சு. இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ கேளுங்கள். கொடுப்பார்கள், ஆனால் கேட்டால்தான் கொடுப்பார்கள். இந்த ஊரில் இதைவிட வெட்கமான விஷயம் எனக்குத் தெரியவில்லை.

இனி தீர்ப்பு. பதுளைக் கடையின் குழம்புக்குக் கிடைத்திருக்கும் புகழ் நியாயமானது. பராட்டாவோடும் இடியப்பத்தோடும் அது மலைநாட்டின் நல்ல சாப்பாடுகளில் ஒன்று. விடிகாலையில் சில கடைகளில் கிடைக்கும் ஆட்டுக்கால் சூப் அதைவிட ஒரு படி மேல். இரவு முழுக்கச் சிறு தீயில் கிடப்பதால் வெள்ளாட்டுக்கு ஏற்ற சமையல் கடையில் நடப்பது அந்த ஒரு சட்டியில்தான். மட்டன் கொத்து தேறாது. தகட்டில் கொத்துப்படும்போது கோழியா ஆடா என்பதே முக்கியமில்லாமல் போய்விடுகிறது. மட்டன் புரியாணி விலைக்குத் தகாது. கிரில் பண்டங்கள் வேண்டாத நகல்.

கடைக்காரர்கள் நினைத்தால் இது மாறும். எல்லா நாளும் மட்டன் என்பதை விட்டு, வாரத்தில் ஒரு நாள் முழு ஆடாக வாங்கி, காலையில் ஈரல், பகலுக்கு எலும்போடு மெதுவாக வெந்த கறி, இரவுக்குக் குடல் என்று பிரித்து, இன்ன நாள் இன்ன பகுதி என்று பலகையில் எழுதிவைத்தால் போதும். சட்டி தீர்ந்ததும் தீர்ந்தது என்று சொல்லும் துணிவு வேண்டும். அதுவரைக்கும் சம்பளத் தேதியில் பதுளைக்கு இறங்குகிற குடும்பத்துக்கு என் யோசனை: கடையில் பராட்டாவும் குழம்பும் சாப்பிடுங்கள், மட்டனுக்கு வைத்த காசைச் சேர்த்து, லயத்தில் பத்து வீடு கூடி ஒரு காயடித்த ஆட்டை வாங்கிக் கூறு போடுங்கள்.